மொய் எழுதிய கம்ப்யூட்டரும் காணாமல் போன பெயர்களும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "இப்போது நீங்கள் டைப் செய்தீர்களே, அது எங்கே இருக்கிறது?" என்பேன். பெரும்பாலானவர்கள் மானிட்டரைக் காட்டுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சிபியூ பெட்டியைக் காட்டுவார்கள். "சேவ் பண்ணிட்டேங்க, உள்ளேதான் இருக்குது" என்பார்கள். உள்ளே என்றால் எங்கே? மெமரியிலா, டிஸ்க்கிலா? இரண்டிலும் இருப்பது ஒன்றுதானா? இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

எனக்கும் அந்தக் குழப்பம் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன். கருத்து இதுதான்: கம்ப்யூட்டர் கற்றுக் கொடுப்பவர்களும், புரோகிராமிங் சொல்லித் தருபவர்களும் பைலைப் பற்றிய பாடத்தைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. முதல் வாரத்திலேயே நடத்திட வேண்டும்.

தங்கை கல்யாணம்

எங்கள் ஊர் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயில் உள்ள ஊர் என்றால் பலருக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டு என் தங்கைக்குத் திருமணம் நடந்தது. அப்போது நான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி. அதில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கே எக்ஸ்பி சிடியைப் போட்டு ரீஜனல் செட்டிங்ஸில் ஒரு டிக் அடிக்க வேண்டும். அதையெல்லாம் செய்து, எ-கலப்பை நிறுவி, யூனிகோடில் தமிழ் டைப் செய்யக் கற்றிருந்தேன். ஊரில் பலருக்கும் அது அதிசயம். எனக்கோ தலைகால் புரியவில்லை.

"மொய்யை நான் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன்" என்று முன்வந்தேன். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வழக்கமாக மொய் எழுதும் மாமாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. அவரை அன்று பணம் வாங்கிப் போடும் வேலைக்கு மாற்றிவிட்டோம். "கண்ணு, எதுக்கும் நோட்டுலயும் எழுதிக்கலாமே" என்றார் அப்பா. "கம்ப்யூட்டர்ல ஏறிட்டா அழியாதுங்கப்பா" என்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

நோட்பேடைத் திறந்து ஒரு வரிக்கு ஒருவர் வீதம் பெயர், ஊர், தொகை என்று அடித்துக் கொண்டே போனேன். நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று எண்ணிவிட வேண்டாம். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் எல்லாம் போய்விடுமே என்று பயந்து அடிக்கடி சேவ் செய்தேன். முதல் முறை சேவ் செய்தபோது ஆங்கிலத்தில் ஒரு செய்திப் பெட்டி வந்தது. எதிரே கையில் கவரோடு பத்துப் பேர் நிற்கிறார்கள். படிக்க நேரமில்லை. ஓகே அழுத்தினேன். மறுபடி வந்தபோதும் ஓகேதான். திரையில் தமிழ் அழகாகவே தெரிந்து கொண்டிருந்தது. மொத்தம் 212 வரிகள். இரவு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

மறுநாள் அப்பா கேட்டதும் பைலைத் திறந்தேன். பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஊர் இருந்த இடத்திலும் கேள்விக்குறிகள். தொகை மட்டும் 101, 51, 501 என்று பத்திரமாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் பையில் இருந்த பணத்தோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப் போயிற்று. "பணமெல்லாம் சரியா இருக்குது கண்ணு, ஆளைத்தான் காணோம்" என்றார் அப்பா. கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மொய் என்பது அன்பளிப்பு மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது. அந்த நோட்டை நான் அழித்திருந்தேன்.

எங்கே அழிந்தது?

அன்று மண்டபத்தில் நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் விளங்கிக் கொண்டேன்.

நாம் டைப் செய்யும்போது எழுத்துக்கள் முதலில் போவது ரேம் எனப்படும் மெமரிக்கு. நோட்பேட் அங்கே ஓர் இடம் பிடித்து, எழுத்துக்களை வரிசையாக வைத்துக் கொள்கிறது. இப்படித் தற்காலிகமாக வைத்துக் கொள்ளும் இடத்திற்குப் பஃபர் என்று பெயர். திரையில் தெரிவது இந்தப் பஃபரில் உள்ளது. பைல் என்பது டிஸ்க்கில் உள்ள வேறு ஒரு பொருள். சேவ் செய்தால் பஃபரில் உள்ளது பைலுக்கு நகல் எடுக்கப்படுகிறது. நகல் எடுக்கும்போது எழுத்துக்கள் எண்களாக, அதாவது பைட்களாக மாற்றப்படுகின்றன. எந்த முறையில் மாற்றுவது என்பதற்குத்தான் சேவ் அஸ் பெட்டியின் அடியில் என்கோடிங் என்று ஒன்று இருக்கிறது.

அன்றைய நோட்பேடில் அது வழக்கமாக ஏ.என்.எஸ்.ஐ. என்று இருக்கும். அந்த முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் இடம் உண்டு. தமிழுக்கு அதில் இடமே கிடையாது. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். அப்படி எழுதினால் எழுத்துக்கள் போய்விடும் என்பதைத்தான் அந்த ஆங்கிலச் செய்திப் பெட்டி சொல்லிக் கொண்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, நான் படிக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பைலில் கேள்விக்குறி விழுந்த பிறகும் திரையில் முருகனும் செல்வியும் முழுசாகத் தெரிந்து கொண்டிருந்தார்கள். ஏனென்றால் திரை காட்டியது மெமரியை. மெமரி சரியாக இருந்தது, பைல் கெட்டிருந்தது. ஒரே ஒரு முறை அந்த ஜன்னலை மூடாமல், பைலை இன்னொரு ஜன்னலில் திறந்து பார்த்திருந்தால், 212 பெயர்களும் இன்று இருந்திருக்கும்.

கேள்விக்குறியை எண்ணிய கதை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அம்மாவும் மாமாவும் உட்கார்ந்து பெயர்களை மீட்டோம். அம்மாவின் ஞாபகம், பத்திரிகை வைத்த பட்டியல், இவற்றோடு இன்னொரு துப்பும் கிடைத்தது. கேள்விக்குறிகளின் எண்ணிக்கை.

யூனிகோடில் 'மு' என்பது ஒரு குறியீடு அல்ல. 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'ன்' என்பது 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. இந்தக் கணக்கில் முருகன் என்றால் ஏழு. செல்வி ஆறு. பழனி நான்கு. ஒரு குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி விழுந்திருந்தது. ஊர்ப் பெயர்களும் அப்படியே. வாழப்பாடி என்றால் ஒன்பது, காரிப்பட்டி என்றால் பதினொன்று, உடையாப்பட்டி பன்னிரண்டு. எங்கள் ஊர்ப் பெயர் நமக்குப் பதினோரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு 18 குறியீடு. 18 கேள்விக்குறி தொடர்ந்து வந்தால் உள்ளூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாம் இப்படித் தெரியவில்லை. அம்மாப்பேட்டைக்கும் பதின்மூன்று, மின்னாம்பள்ளிக்கும் பதின்மூன்று. முருகனுக்கும் ஏழு, ராமசாமிக்கும் ஏழு. ஒரு வரியில் ஏழும் பதின்மூன்றும் இருந்தால் அது அம்மாப்பேட்டை முருகனா, மின்னாம்பள்ளி ராமசாமியா? கடைசியில் 17 வரிகள் மிஞ்சிவிட்டன. அந்தப் பதினேழு பேர் யார் என்று இன்று வரை தெரியாது. சில ஆண்டுகள் கழித்து ஒரு காதுகுத்தில் உறவினர் ஒருவர், "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் ஐநூத்தி ஒண்ணு வச்சேன், நீங்க நூத்தி ஒண்ணு வச்சீங்க" என்று நாலு பேர் முன்னால் அப்பாவிடம் கேட்டுவிட்டார். அப்பா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பட்டியலில் 501 என்றிருந்த ஒரு கேள்விக்குறி வரிக்கு நேரே அவர் பெயரைப் பென்சிலால் எழுதினார். அது சரிதானா என்பதுகூட உறுதியில்லை.

பைலில் இருப்பவை எண்கள்

பைல் என்பது எண்களின் வரிசை. அந்த எண்களை எந்த முறையில் படிப்பது என்பது தெரியாவிட்டால் பைல் இருந்தும் இல்லாதது போலத்தான். தமிழர்களாகிய நாம் இதை மற்றவர்களைவிட அதிகம் அனுபவித்திருக்கிறோம்.

யூனிகோட் பரவும் முன்பு ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்தது. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்துக்கள் வரும். இதைச் சரி செய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் வளர்ந்த டிஸ்கி முறை இன்னொரு பக்கம். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் டிஸ்கி முறையில் பைல்களாக்கியது; பின்னர் யூனிகோடுக்கு மாற்றிற்று. எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான் அப்படி மாற்ற முடிந்தது. தமிழக அரசு 2010 ஜூன் மாதம், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ் 16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது.

வேடிக்கை என்னவென்றால், அன்று மண்டபத்தில் நான் டாம் எழுத்துருவில் அடித்திருந்தால் பெயர்கள் பிழைத்திருக்கும். அவை ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறைக்கு ஏற்றவை. புதிய முறையில் அடித்து, பழைய முறையில் சேவ் செய்தேன். எண் மாறிவிட்டால் பட்டியல் பார்த்து மீட்கலாம். எல்லாமே கேள்விக்குறியின் எண்ணாகிவிட்டால் எந்தப் பட்டியலும் உதவாது.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. 2019ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் வழக்கமாக யு.டி.எப். 8 முறையில் சேவ் செய்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். நீங்களே பார்க்கலாம். நோட்பேடில் முருகன் என்று மட்டும் அடித்து யு.டி.எப். 8 ஆகச் சேவ் செய்திடவும். பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பார்த்தால் சைஸ் 21 பைட் என்று காட்டும். அதையே வேறு பெயரில் ஏ.என்.எஸ்.ஐ. ஆகச் சேவ் செய்து, எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்து, மூடித் திறந்திடவும். 7 பைட், ஏழு கேள்விக்குறி. ஐந்து நிமிட வேலை. என் வீட்டில் ஒரு கல்யாணம் கற்றுத் தந்த பாடம் இந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

பதின்மூன்றாவது பாடம்

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அந்தக் கல்யாணத்தில் பிறந்த குடும்பத்தின் மகள், என் மருமகள், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துப் படித்தாள். 2019ல் வந்த தமிழக அரசின் பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் பைத்தான் மொழி இருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பைலில் எழுதுவது, படிப்பது பற்றிய பாடம் மொத்தம் 16ல் பதின்மூன்றாவதாக வருகிறது. தனியார் சென்டர்கள் பலவற்றிலும் இதே கதைதான். எண்களைக் கூட்டு, பெரியதைக் கண்டுபிடி, நட்சத்திரத்தை முக்கோணமாக அச்சிடு என்று மாதக்கணக்கில் போகிறது. எல்லாம் திரையில் தெரிந்து, ஜன்னலை மூடியதும் மறைந்து போகும் வேலைகள். இப்படிப் பழகிய பிள்ளைக்குத் திரையில் தெரிந்தாலே வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

பழைய கதையைக் கேட்டுவிட்டு அவளே ஒரு விடுமுறையில் மொய் எழுதும் புரோகிராம் ஒன்றைத் தயாரித்தாள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் செய்த தவறுகள் ஒவ்வொன்றும் பாடமாக வைக்கத் தக்கவை.

முதல் புரோகிராம் எல்லாப் பெயர்களையும் மெமரியில் ஒரு பட்டியலாக வைத்துக் கொண்டு, கடைசியில் பைலில் எழுதியது. இருபது பெயர் ஏறியதும் நான் ஜன்னலை மூடிவிட்டேன். பைலே இல்லை. "கரண்ட் போனா இப்படித்தான்" என்றேன். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் எங்கள் பக்கம் தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அப்போது அவள் குழந்தை.

இரண்டாவது புரோகிராம் தொடக்கத்திலேயே பைலைத் திறந்து, ஒவ்வொரு பெயரும் வர வர எழுதியது. மறுபடி இருபது பெயர் ஏற்றச் சொல்லி ஜன்னலை மூடினேன். பைல் இருந்தது. சைஸ் பூஜ்யம். "என்ன மாமா இது, ஒவ்வொரு தடவையும் ரைட்னு குடுத்தேன்ல?" என்றாள்.

இதுதான் புதியவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். ரைட் என்றால் டிஸ்க்கில் எழுது என்று அர்த்தமில்லை. பஃபரில் போடு என்றுதான் அர்த்தம். மொய் வாங்கும் இடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பணம் முதலில் எதிரே உள்ள தட்டில் விழும். தட்டு நிறைந்ததும் மஞ்சள் பையில் கொட்டுவார்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் பையை அவிழ்த்துக் கட்டினால் வரிசை நகராது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ரேமில் ஓரிடத்தை எட்ட 100 நானோ செகண்ட் அளவு நேரம் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் தட்டு வைத்திருக்கிறார்கள். பைத்தானில் பல ஆண்டுகளாக இந்தத் தட்டின் வழக்கமான அளவு 8192 பைட். இருபது பெயர் அதை நிரப்பப் போதாது. தட்டில் இருந்தது தட்டோடு போயிற்று.

தட்டைப் பையில் கொட்டும் கட்டளைக்கு பிளஷ் என்று பெயர். பைலை முறையாக குளோஸ் செய்தாலும் கொட்டிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பிளஷ் கொடுக்கச் சொன்னேன். மொய் எழுதுவதில் நிமிடத்துக்கு நாலைந்து வரிதான் வரும். வேகம் குறைவது தெரியாது. உண்மையில் அதற்குப் பிறகும் ஒரு தட்டு இருக்கிறது. விண்டோஸ் தானும் கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்து பிறகே டிஸ்க்கில் எழுதும். பென் டிரைவை இஜெக்ட் கொடுத்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். 2018ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு இந்தத் தாமதம் வழக்கமாக இல்லை என்றாலும், காப்பியாகிக் கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பைல் போனது போனதுதான்.

மூன்றாவது தவறு எனக்குப் பழக்கமானது. அதுவரை ஆங்கிலத்தில் பெயர் கொடுத்தவள் தமிழில் முருகன் என்று கொடுத்ததும் புரோகிராம் பிழை காட்டி நின்றுவிட்டது. விண்டோஸில் பைத்தான் நெடுங்காலமாக, நாம் எதுவும் சொல்லாவிட்டால், அந்தப் பழைய ஒரு பைட் முறையில்தான் எழுதப் பார்க்கும். ஆனால் கேள்விக்குறி போடாது. முடியாது என்று நின்றுவிடும். அவளுக்கு எரிச்சல். எனக்கு அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. 2006ல் இப்படி ஒன்று என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கக் கூடாதா? பைலைத் திறக்கும்போதே என்கோடிங் யு.டி.எப். 8 என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

நான்காவது தவறு இதைவிட மோசம். புரோகிராமைச் சரி செய்து மீண்டும் இயக்கினாள். காலையில் ஏற்றிய பெயர்கள் எல்லாம் காணோம். பைலை ரைட் முறையில் திறந்தால், திறந்த அந்த நொடியிலேயே பழையது துடைக்கப்பட்டுவிடும். ஓர் எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளதன் அடியில் சேர்க்க அப்பென்ட் முறையில் திறக்க வேண்டும். முழுப் பைலையும் மாற்றி எழுத வேண்டியிருந்தால் புதிய பெயரில் எழுதி, திறந்து சரிபார்த்து, பிறகு பழைய பெயரைக் கொடுப்பது பாதுகாப்பு.

மெமரியில் ஒரு பைல்

இவ்வளவு சொன்னதால் மெமரியில் வைப்பதே தப்பு என்று நினைத்திட வேண்டாம். மெமரியிலேயே பைல் போல நடிக்கும் ஒன்று பைத்தானில் இருக்கிறது. ஸ்ட்ரிங்ஐஓ என்று பெயர். பைலுக்குச் செய்வது போலவே அதில் எழுதலாம், படிக்கலாம். டிஸ்க்கைத் தொடாது. குளோஸ் செய்தால் உள்ளே இருந்தது மறைந்துவிடும்.

இது எதற்கு? நல்ல நோட்டில் எழுதும் முன் ரஃப் நோட்டில் போட்டுப் பார்க்கிறோம் இல்லையா, அதற்கு. ஊர்வாரியாக மொத்தம் போடும் பகுதியை என் மருமகள் முதலில் இதில் பத்து வரி எழுதிச் சோதித்தாள். சரி என்று தெரிந்ததும், புரோகிராமில் வேறு எதையும் மாற்றாமல், நிஜப் பைலைக் கொடுத்தாள். தவறு செய்தாலும் நிஜப் பட்டியலுக்குச் சேதமில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும். எழுதி முடித்ததும் படித்தால் வெறுமையாக வரும். கேசட்டில் பாட்டு முடிந்த பிறகு பிளே அழுத்துவது போல. சீக் என்ற கட்டளையில் பூஜ்யம் கொடுத்து ஆரம்பத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும். அவள் இதிலும் பத்து நிமிடம் மாட்டிக் கொண்டாள்.

இதெல்லாம் தேவையா?

நண்பர் ஒருவர் சொன்னார்: "இப்போதெல்லாம் தானாகவே சேவ் ஆகிறது. விண்டோஸ் 11 நோட்பேட் சேவ் செய்யாமல் மூடினாலும் அடுத்த முறை திறக்கும்போது அப்படியே காட்டுகிறது. இதை எல்லாம் ஏன் படிக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. அந்த வசதிகளை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நோட்பேட் தன் உள் அறையில் ஒளித்து வைத்திருப்பது உங்கள் பைல் இல்லை. அதை மெயிலில் அனுப்ப முடியாது, பென் டிரைவில் கொடுக்க முடியாது, கம்ப்யூட்டரை பார்மட் செய்தால் கிடைக்காது. வேர்டில் ஆட்டோசேவ் முழுமையாக வேலை செய்ய ஒன்டிரைவில் வைத்திருக்க வேண்டும். வசதி யாருடைய பெட்டியில் வைக்கிறது என்று தெரிந்து கொண்டு பயன்படுத்துவது வேறு, தெரியாமல் நம்பியிருப்பது வேறு.

இன்னொருவர், "பைல் பாடம் வறட்சியானது, புதியவர்கள் பயந்துவிடுவார்கள்" என்றார். என் அனுபவம் வேறு. நட்சத்திர முக்கோணத்தைவிட மொய்ப் பட்டியல், பால் கணக்கு, தறிக் கூலிக் கணக்கு என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். தாங்கள் எழுதியது நாளைக்கும் இருக்கும் என்பதே புதியவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் வாரத்தில் ஒரு பெயரைப் பைலில் எழுதும் புரோகிராமைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தமிழில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் ஜன்னலை மூடச் சொல்லுங்கள். பிறகு வேறு புரோகிராமில் அந்தப் பைலைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே பெயர் முழுசாகத் தெரிந்தால்தான் மார்க். திரையில் தெரிந்ததற்கு மார்க் கிடையாது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் அதே. முக்கியமான எதையும் சேவ் செய்ததோடு விடாதீர்கள். மூடித் திறந்து ஒரு முறை பாருங்கள். செய்திப் பெட்டி வந்தால் எத்தனை பேர் எதிரே நின்றாலும் படித்துவிட்டு ஓகே கொடுங்கள்.

என் மருமகளின் புரோகிராம் இப்போது எங்கள் உறவினர் விசேஷங்களில் மொய் எழுதுகிறது. ஒவ்வொரு ஐம்பது பெயருக்கும் நிறுத்தி, பைலை வேறு ஜன்னலில் திறந்து கடைசிப் பெயரைப் பார்த்துக் கொள்கிறாள். பக்கத்தில் மாமா நோட்டிலும் எழுதுகிறார். அப்பா அதில் மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நானும் எதிர்த்துப் பேசவில்லை.